குண்டு ரூம்

நேற்று ஒரு கட்டிடத்தின் அடித்தள கார் நிறுத்தத்தில் ஈர சிமெண்ட் வாசனை வந்ததும், திருவொற்றியூர்க் கரையில் நாங்கள் குண்டு ரூம் என்று சொன்ன அறைக்குள் போய்விட்டேன்.

உலகப்போரின்போது ஜப்பான்காரன் கடல்வழியாக வந்துவிடுவான் என்று பயந்து வெள்ளைக்காரன் கட்டிய அந்தத் தடித்த அறையில், என் சிறுவயதில் கருவாட்டுக் கூடைகள்தான் இருந்தன. சுவரில் காதை வைத்தால் அலை உள்ளேயே அடிப்பதுபோல் கேட்கும். துப்பாக்கி நீட்ட விட்டிருந்த நீளத் துளை வழியாக அம்மா கடலைப் பார்த்தபடி நைனாவின் படகுக்காகக் காத்திருப்பாள். நைனாவுக்கோ கடலிலிருந்து அந்த அறைதான் அடையாளம். அதற்கு நேர் பின்னால் கோயில் கோபுரம் வந்து நின்றால், படகுக்குக் கீழே மீன் தங்கும் பாறை இருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் கடல் கரையை அரித்து அறையை விழுங்கியது. போன வருஷம் அம்மாவும் போய்விட்டாள்.

வாசனையைப் பற்றி நைனாவிடம் போனில் சொன்னேன்.

“அந்த ரூம் எங்கியும் பூடல. தண்ணிக்குள்ளதான் கீது. இப்ப மீனெல்லாம் அங்கதான். அல்லாரும் வலை வுட்றானுங்கோ, நான் வுட மாட்டேன்.”

“ஏன் நைனா?”

“வலை கிழிஞ்சிடும்,” என்றார். பிறகு, “ஒங்கம்மா குந்திகினு இருந்த எடம்,” என்றார்.