கைக்குட்டையில் கொண்டுவந்த அப்பம்

முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அதை அடுத்து அம்மாவின் குரல்: "உக்காருங்கம்மா. இந்த வெயில்லயா நடந்து வந்தீக?"

வந்தவர் பதில் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டதும், அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஓவியாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

ஆயிரம் குரல்களுக்கு நடுவிலும் அவளுக்கு அடையாளம் தெரிகிற குரல் அது. காலை ஐந்தரை மணிக்கு விடுதி வராந்தாவில் நடந்து, கதவு கதவாகத் தட்டிப் பிள்ளைகளை எழுப்புகிற குரல். சிஸ்டர் அமலோற்பவம் வந்திருக்கிறார். விடுதிக்குக் காப்பாளர் அவர்தான், கோயில் பாடகர் குழுவுக்குப் பொறுப்பும் அவர்தான். ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்து, சாத்தூரில் இறங்கி, ஊர் கேட்டு, தெரு கேட்டு இந்த வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்.

எதைத் தேடி வந்திருக்கிறார் என்பதும் ஓவியாவுக்குத் தெரியும். அது அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு எதிர்ச்சுவரில், சாமிப் பலகையில், இருக்கன்குடி மாரியம்மன் படத்துக்கு முன்னால் ஒரு பித்தளைச் செப்புக்குள் இருந்தது. பக்கத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சங்கிலிமுத்துவுக்கும் மாடத்திக்கும் ஓவியா ஒரே பிள்ளை. அப்பா பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். அம்மா அதே கம்பெனியில் வெடிக்குத் திரி சொருகுகிறவள். அந்தத் தெருவிலிருந்து பல்கலைக்கழகம் வரைக்கும் போன முதல் பெண் ஓவியா. இடம் கிடைத்தது கன்னியர் மடமும் கோயிலும் ஒரே மதிலுக்குள் இருக்கிற ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில். கணக்குப் பாடத்தில் அவளுக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. சிரமமெல்லாம் சாப்பாட்டு மணியில்தான் தொடங்கியது.

முதல் நாள் அவள் முதல் கவளத்தை வாயில் வைத்தபோது கூடம் முழுக்க எழுந்து கண்ணை மூடி நின்றது. வாயிலிருந்த சோற்றை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவளும் எழுந்து நின்றாள். மறுநாளே சிலுவை போடக் கற்றுக்கொண்டாள். முதலில் எந்தத் தோள், அடுத்து எந்தத் தோள் என்பது மறந்துபோகாமல் இருக்க, குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அத்தனை பேரும் ஒன்றாகச் செய்கிற ஒன்றில் தான் மட்டும் சேராமல் நிற்பது அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது, அவ்வளவுதான்.

வாரத்தில் ஒரு மணி நேரம் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி. மற்றவர்களுக்கு நன்னெறி. அட்டவணையில் 'மற்றவர்கள்' என்றுதான் போட்டிருக்கும். அந்த ஒரு சொல்லைப் பார்க்கும்போதெல்லாம், விருந்து வீட்டில் வாசலோடு நிறுத்தப்பட்ட பிள்ளை மாதிரி அவள் மனசு சுருங்கிப்போகும்.

அவளை உள்ளே கூட்டிப்போனது பாட்டு. துணி துவைக்கிற இடத்தில் அவள் பாடியதைக் கேட்டுத்தான் சிஸ்டர் அமலோற்பவம் பாடகர் குழுவில் சேர்த்தார். இரண்டாவது வரிசையில், தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளையான அறைத்தோழி ஜெனிட்டாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. "பேருக்கு முன்னால ஒரு மேரி போட்டுக்கோடி, எங்க ஊர்ல மாப்பிள்ளையே பாத்துருவோம்" என்று ஜெனிட்டா கேலி செய்வாள். ஓவியா சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு அடியில் ஓர் ஏக்கம் கிடந்தது ஜெனிட்டாவுக்குத் தெரியாது.

ஏனென்றால் பூசை நடுவில் ஓர் ஐந்து நிமிடம் உண்டு. 'நன்மை' என்று அவர்கள் சொல்கிற அப்பத்தைப் பாதிரியார் கையால் வாங்குகிற நேரம். குழுவில் எல்லோரும் எழுந்து, அவள் முழங்காலை உரசிக்கொண்டு வெளியே போய், பாதிரியார் முன்னால் வரிசையில் நிற்பார்கள். பெஞ்சில் ஓவியா மட்டும் மிச்சமிருப்பாள். திரும்பி வருகிறவர்களின் முகத்தில் ஒரு சாந்தம் இருக்கும். எங்கோ நல்ல சேதி கேட்டுவிட்டு வருகிற முகம். அவள் அந்த முகங்களைப் பார்ப்பாள், பிறகு பாட்டுப் புத்தகத்தைப் பார்ப்பாள். ஒன்றரை வருடம் இப்படியே போயிற்று.

தீபாவளி முடிந்து வந்த பல்கலைக்கழகத் திருவிழா அன்று கூட்டம் நிரம்பி வழிந்தது. வழிகாட்டுவதற்கு நின்ற புதுப்பெண்ணுக்கு யார் எவர் என்று தெரியாது. இரண்டாவது வரிசை முழுவதையும் எழச் சொல்லிக் கை காட்டினாள். அந்தக் கை தன்னையும் சேர்த்து அழைத்ததை ஓவியா பார்த்தாள். உட்கார்ந்திருக்கலாம்தான். ஆனால் எழுந்துவிட்டாள்.

முன்னால் போனவளைப் போலவே கையை ஏந்தினாள். முன்னால் போனவளைப் போலவே ஆமென் சொன்னாள். காகிதம் போல் மெல்லிய வெள்ளை அப்பம் உள்ளங்கையில் வந்து விழுந்தது. முன்னால் போனவள் அதை என்ன செய்தாள் என்பதை மட்டும் அவள் பார்க்கவில்லை.

அவள் வீட்டு வழக்கம் வேறு. இருக்கன்குடியில் பூசாரி கொடுக்கிற திருநீற்றை மாடத்தி அங்கேயே பூசிக்கொள்ள மாட்டாள். காகிதத்தில் மடித்து, பஸ் நெரிசலில் கசங்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்து, வீட்டில் எல்லோருக்கும் இட்ட பிறகுதான் தன் நெற்றியில் இடுவாள். சாமி கொடுத்ததைத் தான் மட்டும் வைத்துக்கொள்வது அந்த வீட்டில் பெரிய பாவம். தீபாவளி சீசனில் இரவு பகலாகத் திரி சொருகி அம்மாவுக்குத் தோள்பட்டை தூக்க முடியாமல் போயிருந்தது. ஓவியாவுக்கு அந்தத் தோள்தான் நினைவு வந்தது. கையை மூடிக்கொண்டு பெஞ்சுக்கு வந்து, அப்பத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அன்று மாலையே விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்டு, பஸ் முழுக்க அந்த முடிச்சை மடியிலேயே வைத்திருந்தாள்.

மாடத்தி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கம்பெனி பூட்டியிருந்ததால் சங்கிலிமுத்து காரியாபட்டிப் பக்கம் மூட்டை தூக்கப் போயிருந்தார். அவர் வந்ததும் மூன்று பேரும் பிட்டுச் சாப்பிடலாம் என்று செப்புக்குள் வைத்து விளக்கேற்றினாள்.

விடுதிக்குத் திரும்பிய ஓவியா, சந்தோஷம் தாங்காமல் ஜெனிட்டாவிடம் சொன்னாள். உங்க சாமி பிரசாதத்தை எங்க அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று. ஜெனிட்டாவின் முகம் வெளுத்துப்போனது. "அத முழுங்கலையா நீ? எங்க வச்சிருக்க?" என்று கேட்டாள். பிறகு எழுந்து போய்விட்டாள். சாப்பாட்டு மணிக்குள் சேதி பரவிவிட்டது. வேண்டுமென்றே எடுத்துப் போயிருக்கிறாள் என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி தன் தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு ஓவியா ஊருக்கு வந்துவிட்டாள். போனையும் அணைத்துவிட்டாள். அப்பா இன்னும் ஊர் திரும்பியிருக்கவில்லை. அம்மாவிடம் அந்த அப்பத்தைத் தொடாதே என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை.

இனிமேல் படிக்கப் போகமாட்டேன் என்று மகள் அழுததைப் பார்த்து மாடத்தி ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். திங்கட்கிழமை கம்பெனி திறக்கும்போது ஓவியாவும் லேபிள் ஒட்டப் போவதாகப் பேச்சு. இன்று சனிக்கிழமை.

"ஓவியா, இங்கன வா. ஒங்க சிஸ்டர் வந்திருக்காக."

வேறு வழியில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவோரம் நின்றாள். சிஸ்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை. அது எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். ஓவியா சாமிப் பலகையைக் கை காட்டினாள்.

சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்தார். அறுபது வயதுக்காரர், சிமெண்டுத் தரையில் மெதுவாக முழங்காலிட்டார். மாடத்தி பதறிப்போனாள். இந்தத் தெருவுக்கு வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போனவர்களை அவள் பார்த்திருக்கிறாள். தன் வீட்டுத் தரையில் முழங்காலிட்டவர்களைப் பார்த்ததில்லை.

வெகு நேரம் கழித்துத்தான் சிஸ்டர் எழுந்தார். இத்தனை நாளும் விளக்கு அணையாமலா இருந்தது என்று கேட்டார்.

"சாமின்னு சொல்லிக் கொண்டாந்தா. சாமிய இருட்டுலயா வைக்க முடியும்?" என்றாள் மாடத்தி.

சிஸ்டர் மாடத்தியின் பக்கம் திரும்பினார். தங்களுக்கு அது பிரசாதம் இல்லை, ஆண்டவரே அதில் இருக்கிறார் என்பது தங்கள் நம்பிக்கை, அதனால்தான் அதை எடுத்துவரப் பாதிரியார் தன்னையே அனுப்பினார் என்று நிதானமாக விளக்கினார். பிறகு ஓவியாவிடம், "ஒன்றரை வருஷம் உன்னைப் பாட வச்சேன். இதை மட்டும் சொல்லிக்கொடுக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது. நீ சொல்லாமக் கிளம்பிப் போனது மட்டும் உன் தப்பு" என்றார். அப்படியே ஜெனிட்டாவைப் பற்றியும் சொன்னார். பக்கத்து இடத்தில் யாரையும் உட்கார விடாமல் தன் பாட்டுப் புத்தகத்தை வைத்திருக்கிறாளாம். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கிவிட்டதாம்.

ஓவியாவின் கண் நிறைந்தது. எத்தனையோ நாளாக நெஞ்சில் அடைத்துக் கிடந்ததை அன்றுதான் கேட்டாள்.

"நான் திரும்பி வந்தாலும் அந்த வரிசையில வரமுடியாது. அப்படித்தான சிஸ்டர்?"

"முடியாதும்மா." சிஸ்டர் பூசி மெழுகவில்லை. "அதுக்கு ஞானஸ்நானம்னு ஒரு வழி இருக்கு. ஆனா அதுக்காக உன்னைக் கூப்பிட நான் வரலை. பாடக் கூப்பிட வந்திருக்கேன்."

ஓவியா தலை குனிந்து நின்றாள். திங்கட்கிழமை லேபிள் ஒட்ட ஓவியா வருவாள் என்று கம்பெனியில் சொல்லியிருப்பதை மாடத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். சிஸ்டர் அதைக் கேட்டுக்கொண்டு, பையிலிருந்து பொன்னிறமான ஒரு சிறு சிமிழை எடுத்தார். ஆண்டவரை எடுத்துக்கொண்டு போகும்போது வழியில் யாரோடும் பேசமாட்டேன், அது எங்கள் வழக்கம், சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடு என்றார். கேட்டது மாடத்திதான்.

"எங்க வீட்டுக்கு வந்த சாமிய எடுத்துட்டுப் போறீக. நாங்க வச்சிருந்ததுல ஏதும் கொறையாம்மா?"

"ஒரு குறையும் இல்லைம்மா. இவ்வளவு பத்திரமா வச்சிருந்ததுக்கு நான்தான் உங்களைக் கும்பிடணும்."

மாடத்தி செப்பை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள். அப்பம் செப்பிலிருந்து சிமிழுக்குப் போனது. சிமிழ் சிஸ்டரின் நெஞ்சோடு சேர்ந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சே இல்லை. மாடத்தி முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு கைகூப்பி நின்றாள். சிஸ்டர் தலை குனிந்தபடி வாசலை நோக்கி நடந்தார்.

அந்த ஆறேழு அடி தூரத்தில் ஓவியாவுக்கு எல்லாம் கண்ணில் வந்து போனது. இரண்டாவது வரிசை, ஜெனிட்டா காத்து வைத்திருக்கும் இடம், எல்லோரும் எழுந்து போன பின் நீண்டு கிடக்கும் வெறும் பெஞ்சு. அந்த வெறும் பெஞ்சுகூட இப்போது அவளுக்கு வேண்டியிருந்தது. ஓடிப்போய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், திங்கக்கிழமை வந்துருதேன். அந்த அஞ்சு நிமிசம் நான் பெஞ்சுலயே இருந்துக்கிடுதேன். பாட்டுக்கு மட்டும் எந்திரிக்கேன்."

சிஸ்டர் படியிலேயே நின்றுவிட்டார். திரும்பினார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பதில் சொல்ல அவருக்கு அனுமதியில்லை. நெஞ்சோடு பிடித்த கையை எடுக்காமல், மற்றொரு கையை ஓவியாவின் தலையில் ஒரு கணம் வைத்தார். பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஆட்டோவை நோக்கி, யாரையும் பார்க்காமல் நடந்தார்.

ஆட்டோ தெரு முனை திரும்பும் வரைக்கும் தாயும் மகளும் வாசலில் நின்றார்கள். "உள்ள வாத்தா. துணியெல்லாம் எடுத்து வைக்கணும்ல" என்றாள் மாடத்தி. வலிக்கிற தோளைத் தூக்காமல், இடது கையால் கதவைச் சாத்தினாள்.