குவார்ட்ஸ் சன்னலில் என் விரல்

வாசகரே, இந்த வழக்கில் உங்களை நீதிபதியாக அழைக்கிறேன். குற்றவாளி நானே, ஆகவே என் பேச்சில் மயங்கித் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். ஒரகடம் சாலையை ஒட்டிய எங்கள் பொறியியல் கல்லூரியின் பின்கொட்டகையில், கைப்பெட்டி அளவில் ஓர் எஃகு எரியறை இருந்தது. ராக்கெட்டுக்குள் எரிவதுபோல் உயர் அழுத்தத்தில் அதனுள் தீ எரியும். பக்கவாட்டில், சூடு தாங்கும் படிகக் கண்ணாடியான குவார்ட்ஸில் ஒரு சன்னல். அதற்கு எதிரே, நம் கண்ணுக்கு எட்டாத புற ஊதா ஒளியைப் பிடிக்கும் கேமரா. எரிபொருள் சீறி வரும் முனையைத் தீ தொட்டு நிற்கிறதா, விலகி நிற்கிறதா? இந்த ஒரு கேள்விக்காக நாங்கள் அக்கா என்றழைத்த ஆய்வு மாணவி மூன்றாண்டுகளைக் கொடுத்திருந்தார். சன்னல்கள் ஒவ்வொன்றாக விரிசல்விட்டு, மிஞ்சியது ஒன்றே.

நான் அவரிடம் புராஜெக்ட் செய்த இறுதியாண்டு மாணவன். பட்டிமன்றக் கோப்பைகளை அள்ளியவன். அன்று காலை முதலாண்டு மாணவர்கள் கொட்டகையைப் பார்க்க வந்தார்கள். எரியறையில் பொருத்துவதற்காகத் துடைத்து மேசைமேல் வைத்திருந்த சன்னலின் அருகே நின்று, "இதோ, இதற்கு அப்பால்தான் பிறக்கிறது விண்ணைக் கிழிக்கும் நெருப்பு!" என்று கைநீட்டினேன். கைதட்டல் எழுந்தது. என் விரல் சன்னலின் உள்பக்கத்தில் பதிந்ததும் அப்போதுதான். விரலின் எண்ணெய்ப்பசை ஒட்டினால், சூட்டில் குவார்ட்ஸ் அந்த இடத்தில் வெளுத்துப் பலம் இழக்கும். சற்றுமுன் அவர்களுக்கு இதை விளக்கியவனே நான்.

அழுத்தம் ஏற்றும் முன் அக்கா வகுத்த வழக்கம் ஒன்றுண்டு: காலை முதல் எதையெதைத் தொட்டோம் என்று ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டும்.

"பன்னண்டு போல்ட்டு, ரெண்டு வால்வு, ஒரு டீ கிளாசு," என்றார் சேரப்பணஞ்சேரியிலிருந்து வரும் டெக்னீஷியன் அண்ணன்.

என் முறை. மணிக்கணக்கில் பேசுபவன், விரலை மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"இன்னா தம்பி, மைக்கு இல்லாம பேச வராதா?" என்றார் அண்ணன்.

"சன்னல்ல... உள்பக்கம்... கை வெச்சுட்டேன்."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "இப்பத்தான்பா டைட் பண்ணி முடிச்சேன்!"

அக்கா கடிந்துகொள்ளவில்லை. "எந்த மூலைப்பா?" என்று மட்டும் கேட்டார். போல்ட்டுகள் மீண்டும் கழன்றன. கையுறை மாட்டி, ஆல்கஹால் தோய்த்த தாளால் ஒரே திசையில், தாளை மாற்றி மாற்றித் துடைத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், மறுபடி துடைத்தார். அவசரம் அறியாத அந்தக் கைகளுக்கு முன் என் கோப்பைகள் அத்தனையும் எனக்கே சிறுத்துத் தெரிந்தன.

பிற்பகலில் தடுப்புச்சுவருக்கு அப்பால் எரியறை இரண்டு நொடி உறுமியது. சன்னல் தாங்கியது. திரையில் சாம்பல் நிறச் சுடர் விரிந்தது. முனைக்கும் அதற்கும் நடுவே நெல்மணி அளவு இருண்ட இடைவெளி; தீ விலகியே நின்றது.

"கேப்பு கீதும்மா, கேப்பு!" என்று கூவினார் அண்ணன். அக்கா மூன்றாண்டுக் கேள்வியின் விடையைப் பார்த்தபடியே நின்றார்.

நான் அவர்கள் இருவர் முன்னும் உரக்கச் சொன்னேன்: "நாளைக்கே அந்த முதலாண்டு வகுப்புக்குப் போறேன், அக்கா. எனக்குக் கைதட்டினவங்ககிட்ட, நான் சன்னலைத் தொட்டதை நானே சொல்றேன்."