நீல ட்ரம்மின் மூடி

அப்பா, அம்மா, தங்கை, நான், ஒரு பூனை, அதன் மூன்று குட்டிகள். அன்று வீட்டில் இருந்தது இவ்வளவுதான்.

இன்று மகள் பூனைக்கு வாங்கிவந்த பிளாஸ்டிக் கிண்ணத்தில் அதே இனிப்பு நெடி. "இது வாணாம்மா, எவர்சில்வர் வாங்கு" என்றேன்.

"பூனைக்கு எவர்சில்வரா? இன்னாப்பா, அதுக்குக் கல்யாணமா?"

நான் சிரிக்கவில்லை.

சிறுவயதில், கும்மிடிப்பூண்டி கம்பெனியில் கழித்துப்போட்ட பூச்சிமருந்து ட்ரம்களை அப்பா கழுவிக் கொண்டுவந்தார். தெருவுக்கும் கொடுத்தார். அந்த இனிப்பு நெடி போகவில்லை. எங்கள் ட்ரம்மில் அன்றுதான் முதன்முதலாகக் குடிதண்ணீர் பிடித்து வைத்தோம். அதன் மூடியில் அம்மா பூனைகளுக்குப் பால் ஊற்றினாள். சாயங்காலம் குட்டிகள் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தன. தாய்ப்பூனை அவற்றை நக்கிக்கொண்டே இருந்தது.

"கழுவிட்டேன்னு சொன்னியேய்யா!"

"சோப்பு போட்டுத்தான்டி தேய்ச்சேன்."

அம்மா ட்ரம்மை உதைத்துக் கவிழ்த்தாள். தண்ணீர் வாசல் தாண்டி ஓடியது.

"தெருவுல எத்தினி ஊட்டுக்குக் குடுத்த?"

அப்பா உதடு அசைய எண்ணினார்.

ஒன்பது.