மீனுக்கு வாழ்வு கொடுத்த விட்காம்

பென்சில்வேனியாவின் வடக்கு மலைக்காட்டில், டன்ஃபோர்டு ஓடைக்கரையில் தோல் பதனிடும் ஆலை நடத்தினார் ஜேடக் விட்காம். அவர் தெருமுனையில் திரும்புவதற்குள் அவருடைய வாடை கடைவீதிக்கு வந்து சேர்ந்துவிடும். தேவாலயத்தில் அவருடைய பெஞ்சில் அவரும் மனைவி ஃபிலேனாவும் மட்டும்தான். மரியாதைக்கு ஒதுங்குகிறார்கள் என்று கடைசிவரை நம்பினார் மனுஷன்.

உள்நாட்டுப் போரில் சிப்பாய்களின் பூட்ஸுக்குத் தோல் விற்று நன்றாகவே கொழுத்தார். ஒரே குறை, ஆலைக்கு வண்டி வர ஓடைமேல் பாலம் இல்லை. சொந்தக் காசில் கட்ட மனசு வரவில்லை. அரசாங்கம் கட்டட்டும் என்று சட்டசபைத் தேர்தலில் நின்றார். ஆலைத் தொழிலாளிகளும், அவர்களுக்கு விஸ்கி ஊற்றுகிற கடைக்காரனும் ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்தார்கள்.

"அங்க போயி என்ன செய்யணும்னாவது தெரியுமா?" என்றாள் ஃபிலேனா.

"பேரக் கூப்புடுவான். ஆமா, இல்லேன்னு சொல்லணும். இதுக்குப் படிச்சுட்டா போகணும்?"

தலைநகர் ஹாரிஸ்பர்க்கின் சட்டசபையில் அவருடைய பாலத்தை ஒருவரும் சட்டை செய்யவில்லை. பக்கத்து நாற்காலி லெவி ஸ்டௌஃபர் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு பேச்சுக் கொடுத்தார். தூண்டில் பைத்தியம் பிடித்த விவசாயி அவர்.

"யோவ் விட்காம், என் மீன் மசோதாவுக்கு நீ ஆமா சொல்லு. உன் பாலத்துக்கு எங்க ஆளுங்க எல்லாரும் ஆமா சொல்றோம்."

"மீனுக்கு எதுக்குய்யா மசோதா?"

"வாயில்லாத ஜீவன். பாவம்."

"சரி, சொல்லித் தொலைக்கிறேன்."

பாலமும் நிறைவேறியது, மீனும் நிறைவேறியது. ஊருக்கு வந்து விட்காம் பன்றிக்கறி தின்றுகொண்டிருந்தபோது ஃபிலேனா செய்தித்தாளை வாய்விட்டுப் படித்தாள். ட்ரௌட் மீன் வாழ்கிற ஓடைகளில் தோல் ஆலைக் கழிவு விடக் கூடாதாம். டன்ஃபோர்டு ஓடையின் பேரும் அதில் இருந்தது.

"நம்ம ஓடையில ஏதுடி மீனு?"

"ஏன் இல்லேன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

அடுத்த கூட்டத்துக்கே சட்டத்தை ரத்து செய்யச் சொல்லக் கிளம்பினார். வழியெல்லாம் ஸ்டௌஃபரைத் திட்டிப் பழகியிருந்தார். சபையில் எழுந்து தொண்டையைச் செருமியதுதான் தாமதம், மேல்மாடத்திலிருந்து கைதட்டல் இடிபோல விழுந்தது. தூண்டில்காரர் சங்கம் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தது. "சொந்த ஆலையையே மீனுக்காக விட்டுக்கொடுத்த மகராசன்!" என்று ஒருவர் கத்தினார்.

விட்காமுக்கு அதுவரை யாரும் கைதட்டியதில்லை. நின்றார். கண் கலங்கியது. தயார் செய்த வசவு ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை.

"மீன்... நல்ல பிராணி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பேச்சோடு ஆலை போயிற்று. கொஞ்ச வருஷத்தில் ஓடை தெளிந்து மீன் வந்தது. பின்னாலேயே, அரசாங்கப் பாலத்தின் மேல் வண்டி வண்டியாகப் பட்டணத்துத் தூண்டில்காரர்கள் வந்தார்கள். ஆலைக் கட்டடத்தைக் கழுவித் தேய்த்து ஃபிலேனா விடுதி நடத்தினாள். தோலைவிட அதில் வருமானம் அதிகம்.

மீன் புண்ணியத்தில் விட்காம் அப்புறமும் மூன்று தேர்தல் ஜெயித்தார். மசோதாக்களை மட்டும் ஃபிலேனா முதலில் படித்துப் பார்த்து, எதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்புவாள். அவளுக்கு ஓட்டுரிமை கிடையாது.