உரியா கொண்டுபோன கடிதம்

மைதாப் பசையும், அப்பாவின் கைகளில் எப்போதும் ஒட்டியிருந்த வெளுப்பு நீரின் காரமும் கலந்த ஒரு மணம், தங்கத்தாள் சுற்றிய அட்டைக் கிரீடமொன்றிலிருந்து வந்துகொண்டேயிருக்கும். தொண்ணூறுகளின் நடுவே ஒரு தவக்காலம் முழுக்க அது இத்தாலியின் பலெர்மோ நகரில், போர்கோ வெக்கியோ பகுதியில், எங்கள் இரண்டு அறை வீட்டு "அலுமாரி"யின் மேல் இருந்தது. எனக்குப் பதினொரு வயது. மன்னாரிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து பங்கு மண்டபத்தில் தாவீது அரசரின் கூத்துப் போடுவதென்று முடிவாகி, நல்ல குரல் என்பதால் அப்பா தாவீது ஆனார். எங்களோடு ஒரு கட்டிலுக்கு வாடகை கொடுத்துத் தங்கியிருந்த மரியதாஸ் மாமா உரியா ஆனார்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தன் படைவீரன் உரியாவின் மனைவியை அரசர் எடுத்துக்கொள்கிறார்; அதை மறைக்க, இவனைப் போரில் முன்னே நிறுத்திச் சாகவிடு என்று தளபதிக்குக் கடிதம் எழுதி, அதை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்புகிறார். உரியா அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டு போய்ச் சாகிறான். பிறகு தண்டனையாக இறப்பது அரசரல்ல, அவருடைய பச்சைக் குழந்தை. எனக்கு அது பிடிக்கவே இல்லை. மறைக்கல்வி வகுப்பில், "பிழை செய்தது அப்பா, சாகிறது பிள்ளையோ?" என்று கேட்டு, "வாய் கூடிப்போச்சு" என்று பேச்சு வாங்கினேன். போதாக்குறைக்கு, மேடையில் அந்தக் குழந்தையாகக் கிடக்க என் எட்டு மாதத் தம்பியையே பிடித்துவிட்டார்கள்.

அந்த நாட்களில்தான் பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு "சிஞ்ஞோரா" தன் வயதான தகப்பனைப் பார்க்க ஆள் தேடினார். ஒப்பந்தத்தோடு வேலை, கிடைத்தால் மரியதாஸ் மாமாவின் வதிவிட அனுமதியான "பெர்மெஸ்ஸோ" உறுதியாகும், ஊரிலிருக்கும் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். அந்தப் பெண்மணியின் தங்கை வீட்டில் அப்பா பல வருஷம் வேலை செய்தவர் என்பதால், ஆள் நம்பிக்கையானவர்தானா என்று அப்பாவிடம் எழுதி வாங்கி வரும்படி மாமாவிடம் சொன்னார். எங்கள் பெரியவர்களுக்கு இத்தாலியம் பேச வரும், எழுத வராது. படிவங்களையும் கடிதங்களையும் என்னைப் போன்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளே எழுதினோம். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். நேர்மையானவர், சுறுசுறுப்பானவர். பிறகு அப்பா யன்னலைப் பார்த்தார்.

"ஆனா குடிக்கிறவர் எண்டு எழுது."

"மாமா குடிக்கிறேல்லையே அப்பா?"

"சித்தப்பாவும் வேலையில்லாமல்தானே நிக்கிறான். எழுது பிள்ளை."

எழுதினேன். அழகாகவே எழுதினேன், அதுதான் இன்றுவரை எனக்குப் பொறுக்கவில்லை. ஒட்டிய உறையை வாங்கிய மாமா, கூத்தில் செய்வதுபோலவே முழங்காலிட்டு, அதைக் கண்களில் ஒற்றி, "உத்தரவு அரசே" என்று சொல்லிச் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். அப்பா சப்பாத்துத் தேடுவதுபோல் கட்டிலுக்கடியில் குனிந்துகொண்டார். மாமா ரயிலேறிப் பகேரியாவுக்குப் போனார்.

வேலை சித்தப்பாவுக்குக் கிடைத்தது. "எனக்குக் குடுத்துவைக்கேல்லை" என்பதோடு மாமா பேச்சை முடித்துக்கொண்டார். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. தண்டனை தம்பியின் தலையில்தான் விழும் என்று நம்பினேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து அவன் மூக்கருகே விரல் வைத்து மூச்சுப் பார்ப்பேன், அவன் தும்மினால் ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவருவேன். மாமாவிடம் உண்மையைச் சொன்னால் தம்பி பிழைப்பான், அப்பா அகப்படுவார். நான் சொல்லவில்லை.

கூத்தன்று, இறைவாக்கினர் விரல் நீட்டிக் குற்றம் சாட்டியதும் அரசர் மனம் வருந்திப் பாடவேண்டும். அப்பா பாடவில்லை. கிரீடத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். நடிப்பென்று நினைத்துச் சனம் கைதட்டியது. தம்பியை மேடைக்குக் கொடுக்கத் திரைக்குப் பின்னால் காத்திருந்த என் பக்கத்தில், முந்தின காட்சியிலேயே செத்துப்போயிருந்த உரியா நின்று மெல்ல அடியெடுத்துக் கொடுத்தார்: "அண்ணை, 'என் பாவம்' எண்டு தொடங்குங்கோ."

உயிர்ப்பு ஞாயிறு கழிந்ததும் மாமா வட இத்தாலிக்குப் போய்விட்டார். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது என்னைவிட உயரம்.

அந்த மண்டபத்தில் இன்று உடற்பயிற்சிக் கூடம் நடக்கிறது. கூத்து நின்றுபோயிற்று, பிள்ளைகளிடம் கடிதம் எழுதித் தரச்சொல்லும் வழக்கமும் போய்விட்டது. போன வருஷம் மாமாவின் தொலைபேசி எண்ணைத் தேடிப்பிடித்து, எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கி அழுதேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

"எனக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை. அந்த மனுசி எனக்கு முன்னாலேயே வாசிச்சு, குடிப்பியோ எண்டு கேட்டவ. இல்லையெண்டன், நம்பேல்லை. கடிதத்தைப் பார்த்தன், உன்ர எழுத்து. நான் வாய் திறந்திருந்தா எல்லாரும் உன்னையெல்லோ பிடிச்சு விசாரிச்சிருப்பினம்."

மனைவியும் மகளும் வந்து சேர அவருக்கு மேலும் ஆறு வருஷம் ஆகியிருக்கிறது. விமான நிலையத்தில் மகள் அவரை அடையாளம் தெரியாமல் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாளாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "அண்ணைக்கு ஒண்டும் சொல்லாதை, வயசுபோன நேரம்" என்றுவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

அம்மா காலமானபின் அப்பா பலெர்மோவின் ஒரேத்தோ பகுதியில் தனியே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். தேத்தண்ணீர் குடித்து முடித்து, வேறெங்கோ பார்த்தபடி கேட்பார்.

"மரியதாஸ் ஏதும் கதைச்சவனோ?"

"இல்லை அப்பா."

"கதைச்சால், அவனிட்டைச் சொல்லு..." என்று தொடங்குவார். அந்த வசனத்தை அவரே முடிக்கட்டும் என்று கோப்பையைக் கழுவாமல் காத்திருப்பேன். அப்பாவுக்கு வயது எண்பதை நெருங்குகிறது.