கோப்பாய்ச் சுவரில் இருந்த அந்து

அலுமாரியில் இருந்த புழுக்கொடியல் தகரத்தைத் திறந்தபோது இரண்டு மூன்று அந்துப்பூச்சிகள் பறந்தன. அடியில் வெள்ளை நூலாம்படை. அவித்துக் காயவைத்த அந்தப் பனங்கிழங்கு, கோப்பாயில் இருக்கும் என் மச்சாள் தந்தது. கனடாவில் பிள்ளை பெற்றிருக்கும் மகளுக்கு அனுப்பவும் ஒரு பெட்டி கட்டி வைத்திருந்தார்.

பத்திரிகையில் பிழை பிடித்துப் பழகிய கண் எனக்கு. மறுநாளே கோப்பாய்க்குப் போனேன். மச்சாள் தேநீர் போடக் குசினிக்குள் போனதும் சுவரைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு அந்து. என் தகரத்தில் இருந்தது போலவே பட்டது. கைப்பையில் கிடந்த வெறும் மாத்திரைப் போத்தலுக்குள் அதை அடைத்தேன்.

"மச்சாள், உங்கடை புழுக்கொடியலிலை அந்து வந்திட்டுது. பிள்ளைக்கு அனுப்பாதேங்கோ."

"என்ன கதைக்கிறியள்? வெய்யிலிலை கல்லு மாதிரிக் காயவிட்டதெல்லோ!"

போத்தலைப் பற்றி நான் சொல்லவில்லை. அன்று பின்னேரம் மச்சாள் தொலைபேசியில் பேசினார். பெட்டியைப் பிரித்து முழுவதையும் மாட்டுக்குப் போட்டுவிட்டாராம். குரல் சிறுத்திருந்தது.

அந்தக் குரல் உறுத்தியது. என் தகரத்தில் ஒன்றைப் பிடித்து, இரண்டு வீட்டுப் பூச்சிகளையும் கோப்பாய்க்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் உள்ள பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் என் பள்ளித்தோழியிடம் கொடுத்தேன். சிறகின் செதில் உதிர்ந்தால் எல்லாம் ஒரே சாம்பல்தான், நிறத்தை நம்பாதே என்றாள். வயிற்றின் நுனியைக் காரக் கரைசலில் சூடாக்கிக் கொழுப்பைக் கரைத்தாள். எஞ்சிய இனப்பெருக்க உறுப்புகளை நுணுக்குக்காட்டியில் காட்டினாள். இரண்டின் வடிவமும் எனக்கே வேறாகத் தெரிந்தது. உறுதிப்படுத்த ஒவ்வொன்றிலும் ஒரு காலை எடுத்து மரபணுவையும் வாசிப்பித்தாள். முடிவு மாறவில்லை. மச்சாள் வீட்டில் இருந்தது அரிசியில் வழமையாக வருவது. என்னுடையது வேறு இனம், உலர்ந்த பழங்களை விரும்புவது.

"உன்ரை அலுமாரியிலை பேரீச்சம்பழம் ஏதும் கிடக்கோ?"

கிடந்தது. தகரத்துக்குப் பின்னால், நான் வாங்கி மறந்த பொதி. உள்ளே அதே நூலாம்படை, நெளியும் புழுக்கள், மூலையில் ஓட்டை. தகரத்தின் மூடியும் இறுக்கமில்லாதது.

திரும்பவும் கோப்பாய்க்குப் போனேன்.

"மச்சாள், பிழை என்ரை. என்ரை பேரீச்சம்பழத்திலை இருந்துதான் வந்திருக்கு. உங்கடை வீட்டு அந்து வேறை சாதி. சோதிச்சுப் பாத்தாச்சு."

"நான் அப்பவே சொன்னனெல்லோ!" முகம் மலர்ந்தது. பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "எங்கடை வீட்டு அந்து உங்களிட்டை எப்பிடி வந்தது?"

வழியெல்லாம் மன்னிப்புக்கு வசனம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவேயில்லை. சுவரையும் போத்தலையும் அவர் குசினியில் நின்ற நேரத்தையும் சொன்னேன்.

"மாடு திண்டது போகட்டும். கேட்டிருந்தா நானே பிடிச்சுத் தந்திருப்பனே."

அவர் எழுந்தார்.

"தேத்தண்ணி போடப்போறன். நீங்களும் குசினிக்கு வாங்கோ. இஞ்சை தனிய விட்டா இன்னும் என்னத்தைக் கொண்டுபோவியளோ!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நான் எழும்பும்வரை வாசலில் நின்றார். அடுப்படியில் நின்றபடியே சுடச்சுடக் குடித்தேன், எந்தச் சுவரையும் பார்க்காமல்.