கும்பிடாமல் பார்க்க ஒரு தூரம்

“ஆவணி, முதல் வெள்ளி, மாலை. வாய்க்கால் இரண்டாகத் தெரிகிறது.” என் மேசை நாட்காட்டியின் ஓரத்தில் நானே எழுதி வைத்தது. நாள் போடாமல் எதையும் குறிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால் கண் தகராறு தொடங்கியது எப்போது என்று இன்றும் சொல்ல முடிகிறது.

அந்த வாய்க்கால் முசிறிப் பக்கத்தது. எனக்கு வேலை தரும் நிறுவனத்தார் பழைய பாசன வரைபடங்களைப் படமெடுத்து அனுப்புவார்கள். கம்ப்யூட்டர் திரையில் அவற்றைப் பெரிதாக்கி, வாய்க்கால்களின் மேல் மவுஸால் நீலக்கோடு இழுப்பது என் வேலை. ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதிக்குப் பின்னால் எங்கள் மாடி வீட்டில் உட்கார்ந்தபடியே செய்வது. காலையில் தலைமதகில் தொடங்கினால் மதியத்துக்குள் கடைமடை வயலுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். சாப்பிட்டுவிட்டுச் சற்றுச் சாய்ந்தால், மூடிய இமைக்குள் நீலக்கோடுகள் நெளிந்து ஓடும். அவற்றின் கரையில் நடந்துகொண்டே தூங்கிப்போவேன். இழுக்காத வாய்க்கால்கள்கூடச் சில நாள் கனவில் வந்து சேரும்.

கோடு இரண்டான பிறகு அந்தச் சுகம் போயிற்று. கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. திரையிலிருந்து தலையைத் தூக்கினால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி பஞ்சுப்பொதிபோல் கலங்கித் தெரிந்தது. திருச்சியில் ஒரு கண் மருத்துவரிடம் போனேன். நோய் எதுவும் இல்லை என்றார் அந்த அம்மா. கிட்டத்திலேயே பார்த்துப் பார்த்து, கண்ணுக்குள் இருக்கும் தசை மடக்கிய விரல்போல் இறுகிவிட்டது. திரையைப் பார்க்கும்போது இமைக்க மறந்துவிடுவதால் கண் காய்ந்தும் போகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தூரத்தில் எதையாவது பாருங்கள், நிதானமாக இமையுங்கள், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றார். அதற்குள் தெளியாவிட்டால் இந்த வேலையை விட்டுவிடுவது நல்லது என்பதையும் குரலை உயர்த்தாமல் சொன்னார். வேலை மட்டும் என்றால் பரவாயில்லை. நான் படிக்கிற புத்தகங்களும் அதே கண்ணை நம்பித்தான் இருந்தன.

தூரத்தில் பார் என்றால் எங்கள் ஊரில் யாரும் யோசிக்க மாட்டார்கள். மொட்டை மாடிக்கு ஏறித் தெற்கே திரும்பினேன். வெயிலில் மிதப்பதுபோல் ராஜகோபுரம் நின்றது. இதைவிட நல்ல தூரம் வேறு எங்கே கிடைக்கும்? தினமும் திரையை விட்டு எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன். உறுத்தல் குறைந்தது. கலக்கம் மட்டும் அப்படியே இருந்தது. மாதம் பாதி தாண்டியதும் எனக்குள் பயம் வந்துவிட்டது.

அன்று துணி உலர்த்த வந்த என் மனைவி, கொடிக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“என்னங்க பண்றீங்க?”

“டாக்டர் சொன்னாங்கல்ல, தூரத்துல பார்க்கிறேன்.”

“எங்க பார்க்கறீங்க? கும்பிடறீங்க. கண்ணு மூடியில்ல இருக்கு.”

என் கைகள் மார்புக்கு நேரே கூப்பியிருந்தன. கோபுரம் கண்ணில் பட்டதும் கை குவிவதும் இமை மூடுவதும் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நடப்பவை. இமைப்பதைப்போல அவையும் என்னைக் கேட்டு நடப்பதில்லை. அத்தனை நாளும் நான் தூரத்தைப் பார்க்கவே இல்லை. இமைக்குள் ஈரம் ஊறியதால் உறுத்தல்தான் அடங்கியிருக்கிறது.

அப்படியானால் மலைக்கோட்டையைப் பாருங்கள் என்றாள். பார்த்தேன். உச்சிப் பிள்ளையாரைக் கண்டதும் கை நெற்றியில் குட்டிக்கொள்ளப் போயிற்று. கிழக்கே திரும்பினால் திருவானைக்காவல் கோபுரம். அவள் சிரிப்பை அடக்க ஈரத்துண்டை வாயில் வைத்துக்கொண்டாள்.

“இந்த ஊர்ல தூரமா இருக்கறதெல்லாம் சாமியால்ல இருக்கு. உங்களுக்குன்னு ஒரு வெத்துத் தூரம் தேடணும், வாங்க.”

வடக்கேதான் அது கிடைத்தது. திரைக்கு நடுவே எழுந்தால் மாடியில் வடபக்கமே நின்று தென்னந்தோப்பின் மேல்வரம்பைப் பார்ப்பது, மாலையில் இருவரும் கொள்ளிடக்கரைக்குப் போவது என்று வைத்துக்கொண்டோம். அந்த அகன்ற ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடியது. மீதியெல்லாம் மணலும் நாணலும். அக்கரையில் மின்கம்பங்கள், அவற்றுக்கு அப்பால் பெயர் தெரியாத மரங்கள். கும்பிட ஒன்றும் இல்லை. பார்வையை மணல்மேல் விட்டால் அது தானாக நழுவிப் போய்க்கொண்டே இருந்தது. எதையும் பிடிக்க வேண்டாம், எதன்மேலும் கோடு இழுக்க வேண்டாம். மேயப்போன மாடுபோல் கண் எங்கோ திரிந்துவிட்டு இருட்டும் நேரம் திரும்பும். நாள் போகப்போக, அக்கரை மரங்கள் பச்சைப் புகையாக இருந்தது மாறி, தனித்தனிக் கிளைகளாகப் பிரிந்தன.

மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை, மரங்களுக்கும் மேலே, வடமேற்கில், மெல்லிய நீலத்தில் ஒரு மேடு தெரிந்தது. மலை என்றேன். மேகம் என்றாள் அவள். கரையில் நடக்க வந்த ஒருவரைக் கேட்டோம், பச்சைமலை என்றார். அவரோடு வந்தவர், கொல்லிமலைங்க அது, என்று திருத்தினார்.

“கொல்லிமலைன்னா அங்கயும் கோயில் இருக்கு” என்றாள் என் மனைவி. “கையைக் கீழ வச்சுக்கிட்டுப் பாருங்க.”

மருத்துவரிடம் போனபோது எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை வாசித்தேன். வேலையைத் தொடரலாம், தூரத்தை மட்டும் விடாதீர்கள் என்றார். அந்தத் தூரம் எதுவரை என்பதுதான் எனக்கு இன்னும் தீரவில்லை. வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தால் திசை கொல்லிமலைக்குப் பொருந்துகிறது. ஆனால் அவ்வளவு தொலைவிலுள்ள மலை கொள்ளிடக்கரையிலிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியுமா, அன்று நாங்கள் கண்டது அதுதானா, அவள் சொன்னபடி மேகமா? இன்றுவரை இது சரிபார்க்கப்படவில்லை.